நோயெதிர்ப்பு உயிரணுவை 'ஆன்' செய்வது யார்? உடல் தன்னைத்தானே தாக்கும் நோய்களும் நொதிகளும்

வீட்டில் ஒருவருக்கு முடக்குவாதமோ லூபஸோ இருப்பது தெரியவந்தால், உறவினர்கள் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான். "உடம்புல எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு போச்சு. நல்லா சாப்பிட்டு அதைக் கூட்டணும்."

அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இந்த நோய்களில் நடப்பது வேறு. இங்கே எதிர்ப்புச் சக்தி குறைந்துபோகவில்லை. தாக்கக்கூடாத இடத்தை அது தாக்குகிறது. கிருமியோடு மோதவேண்டிய உயிரணுக்கள் மூட்டு, தோல், சிறுநீரகம், கணையம் என்று சொந்த உடலோடு மோதுகின்றன. அதனால்தான் இவற்றுக்குத் தன்னுடல் தாக்குநோய்கள் என்று பெயர். முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், முதலாம் வகை நீரிழிவு, தைராய்டு சுரப்பியைப் பாதிக்கும் கிரேவ்ஸ் நோய் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

அந்த உயிரணுக்களைக் கிளப்பிவிடுவது எது? அடக்கி வைப்பது எது? இரண்டிலும் பெரும்பங்கு நொதிகளுக்கு உண்டு. இன்று இந்த நோய்களுக்குக் கொடுக்கப்படும் பல மருந்துகளும் குறிவைப்பது அவற்றைத்தான்.

பள்ளியில் படித்த அதே நொதியா?

நொதி என்றதும் எச்சிலில் இருக்கும் அமிலேஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சோற்றிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி அது. பொதுவாக, உடலில் நடக்கும் வேதிமாற்றத்தை வேகப்படுத்தும் புரதத்துக்குத்தான் நொதி என்று பெயர். எல்லா நொதியும் சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் வேலையில் இல்லை. உயிரணுவுக்குள் தகவலைக் கைமாற்றி விடுவதும் நொதிகளின் வேலைதான்.

அதை அவை செய்யும் விதம் எளிது. கைனேஸ் எனும் வகை நொதி, இன்னொரு புரதத்தின்மேல் பாஸ்ஃபேட் எனும் சின்னஞ்சிறு வேதித்துண்டை ஒட்டும். ஃபாஸ்ஃபடேஸ் எனும் வகை அதைக் கழற்றும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம் கொஞ்சம் மாறும். தூங்கிக்கொண்டிருந்தது வேலையைத் தொடங்கும். சில புரதங்களில் தலைகீழாக, வேலை செய்துகொண்டிருந்தது நின்றுவிடும். மனித உடலில் கைனேஸ்கள் மட்டுமே 500க்கும் மேல் உண்டு.

விளக்கு சுவிட்ச் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே ஒரு கை சுவிட்சைப் போட்டுக்கொண்டே இருக்கிறது, இன்னொரு கை அணைத்துக்கொண்டே இருக்கிறது. எந்தக் கை முந்துகிறதோ, அதைப் பொறுத்துத்தான் விளக்கு எரியும்.

டி உயிரணு விழித்துக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்கள்

வெள்ளை அணுக்களில் ஒரு வகை, டி உயிரணு. நோயெதிர்ப்பில் அதற்குப் பெரிய பொறுப்பு. ஒவ்வொரு டி உயிரணுவின் மேற்பரப்பிலும் ஓர் உணர்வி இருக்கும். மற்ற உயிரணுக்கள் தங்களுக்குள் கண்டெடுத்த புரதத் துணுக்குகளை வெளியே நீட்டிக் காட்டும். டி உயிரணு அதைத் தொட்டுப் பார்க்கும். தன் உணர்விக்குப் பொருந்தும் துணுக்கு கிடைத்தால் உடனே உள்ளே வேலை தொடங்கிவிடும்.

முதலில் எல்சிகே எனும் கைனேஸ், உணர்வியின் உட்பக்க வாலில் பாஸ்ஃபேட்டை ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் ஸாப்-70 எனும் இன்னொரு கைனேஸ் வந்து உட்காருகிறது. அது அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்புகிறது, அது அதற்கடுத்ததை. இதெல்லாம் நொடிக்கணக்கில். பிறகு உயிரணுவுக்குள் கால்சியம் அளவு ஏறுகிறது. அந்தக் கால்சியம் கால்சிநியூரின் எனும் நொதியைக் கிளப்புகிறது. இது ஒட்டும் நொதி இல்லை, கழற்றும் நொதி. என்ஃபேட் எனும் புரதத்தின்மேல் ஒட்டியிருக்கும் பாஸ்ஃபேட்டுகளை அது உரித்தெடுக்கிறது. உரிக்கப்பட்ட என்ஃபேட் உயிரணுவின் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. இன்டர்லியூகின்-2 எனும் சமிக்ஞைப் பொருள் உற்பத்தியாகிறது. டி உயிரணு பெருகத் தொடங்குகிறது.

இந்த வரிசையில் ஓர் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஸாப்-70 நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலர் உண்டு. சாதாரணக் கிருமித்தொற்றைக்கூட அவர்களால் தாங்க முடியாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படும்.

அப்படியென்றால் சுவிட்ச் பலமாக இருந்தால் தன்னுடல் தாக்குநோய், பலவீனமாக இருந்தால் கிருமித்தொற்று என்று கணக்குப் போட்டுவிடலாமா? அப்படித்தான் தோன்றும். ஆனால் 2003இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சியின் குழு வெளியிட்ட ஆய்வு அந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டது. (2025இல் மருத்துவ நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் இவர். பரிசு வேறொரு கண்டுபிடிப்புக்காக.) அவரது குழு ஆராய்ந்த எலிகளில் ஸாப்-70 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. நொதி பலவீனமாகிவிட்டது. ஆனால் அந்த எலிகளுக்கு வந்தது முடக்குவாதம் போன்ற மூட்டழற்சி!

ஏன்? டி உயிரணுக்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் ஒரு தேர்வு எழுதுகின்றன. சொந்த உடலின் புரதத்தைப் பார்த்துப் பலமாகச் சீறும் உயிரணுக்கள் அங்கேயே அழிக்கப்படும். சுவிட்ச் பலவீனமாக இருந்தால் ஆபத்தான உயிரணுகூட அந்தத் தேர்வில் அமைதியாகத்தான் தெரியும். தப்பித்து வெளியே வந்துவிடும். வெளியே வந்தபிறகு அது செய்வதுதான் நோய்.

ஆக, அதிகமோ குறைவோ, நொதி தன் அளவிலிருந்து விலகினாலே சிக்கல்தான். 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் எந்தப் புட்டியிலும் இந்த விஷயம் எழுதியிருக்காது.

ஒரே எழுத்து, நான்கு நோய்

மனிதர்களிடம் இதற்கு மிகப் பிரபலமான உதாரணம் பிடிபிஎன்22 எனும் மரபணு. அது உருவாக்கும் நொதி ஒரு ஃபாஸ்ஃபடேஸ், அதாவது கழற்றும் கை. எல்சிகேயும் ஸாப்-70உம் ஒட்டிய, அல்லது அவற்றின்மேல் ஒட்டப்பட்ட பாஸ்ஃபேட்டைக் கழற்றி டி உயிரணுவுக்கு பிரேக் போடுவது அதன் வேலை.

2004இல் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். இந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பது, முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம் காணப்பட்டது. அந்த மாற்றத்தால் நொதியின் 620ஆவது இடத்தில் இருக்கவேண்டிய ஆர்ஜினின் எனும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக டிரிப்டோஃபேன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் மாற்றம். அதே மாற்றம் முடக்குவாதம், லூபஸ், கிரேவ்ஸ் நோய் ஆகியவற்றோடும் தொடர்புடையது என்று அடுத்தடுத்து தெரியவந்தது. ஒரு நொதியின் ஒரே மாற்றம் வெவ்வேறு உறுப்புகளைத் தாக்கும் நோய்களுக்கு வழிவிடுகிறது என்பது அப்போது பெரிய செய்தி.

அந்த மாற்றம் பிரேக்கைப் பலப்படுத்துகிறதா, தளர்த்துகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் வாக்குவாதம். இரண்டு பக்கமும் சான்று காட்டுகிறார்கள். மேலே சொன்ன எலிக் கதையைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

நமக்கு இது பொருந்துமா?

இந்தக் கேள்விதான் சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு முக்கியம். பிடிபிஎன்22 மாற்றம் வட ஐரோப்பியர்களிடம் சாதாரணமாகக் காணப்படுகிறது. சீனர், ஜப்பானியர், கொரியர் போன்ற கிழக்காசியர்களிடமோ ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் அவர்களுக்கும் முடக்குவாதம் வருகிறது, லூபஸ் வருகிறது. அப்படியானால் அங்கே வேறு வழி இருக்கவேண்டும்.

அதில் ஒன்று 2003இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் ஒரு நொதிதான். பேடி4 என்று பெயர். புரதங்களில் இருக்கும் ஆர்ஜினினைச் சிட்ருலின் எனும் வேறு அமிலமாக மாற்றுவது அதன் வேலை. உடலில் இயல்பாகவே நடக்கும் மாற்றம்தான். ஆனால் மாறிய புரதத்தைச் சிலரின் நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருள் என்று நினைத்துவிடுகிறது. அதற்கு எதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. முடக்குவாதச் சந்தேகத்துடன் போனால் மருத்துவர் எழுதித்தரும் 'ஆன்டி-சிசிபி' ரத்தப் பரிசோதனை தேடுவது இந்த எதிர்ப்பொருளைத்தான். மூட்டு வலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது ரத்தத்தில் தென்படலாம்.

ஜப்பானியர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு? நம் வட்டாரத்திலேயே அதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆய்வுக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா கல்வி நிலையமும் சேர்ந்து மைஐரா எனும் ஆய்வை நடத்தின. தீபகற்ப மலேசியாவில் முடக்குவாதம் உள்ள மலாய், சீன, இந்திய நோயாளிகளை நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டது அது. பேடி4 மரபணு வேறுபாடுகளுக்கும் முடக்குவாதத்துக்கும் இங்கேயும் தொடர்பு இருப்பதாக 2012இல் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அதே ஆய்விலிருந்து வந்த இன்னொரு முடிவு சிகரெட் பற்றியது. குறிப்பிட்ட வகை ஹெச்எல்ஏ மரபணு உள்ளவர்கள் புகைபிடித்தால், ஆன்டி-சிசிபி வகை முடக்குவாதம் வரும் ஆபத்து மேலும் கூடியது. (ஹெச்எல்ஏ, நொதி இல்லை. டி உயிரணுவுக்குப் புரதத் துணுக்கை நீட்டிக் காட்டும் கை அதுதான். முடக்குவாதத்தில் மரபணு ஆபத்தின் ஆகப்பெரிய பங்கும் அதற்கே.) சிகரெட் புகை நுரையீரலில் பேடி குடும்ப நொதிகளைத் தூண்டி, சிட்ருலின் புரதங்களை அதிகமாக்குகிறது என்பதுதான் இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். நோய் நுரையீரலில் தொடங்கி விரல் மூட்டுக்கு வருகிறது என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இப்படி ஆபத்தான மரபணு ஏன் இன்னும் இருக்கிறது?

காரணம் காசநோயாக இருக்கலாம். பிடிபிஎன்22 மாற்றம் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு பக்கம் கெடுதல், இன்னொரு பக்கம் நன்மை.

இதற்கு மறுபக்கமாக இருப்பது டிக்2 எனும் கைனேஸ். சமிக்ஞைப் பொருள்கள் உயிரணுவின் வாசலுக்கு வரும்போது, செய்தியை உள்ளே கொண்டுபோகும் நொதி அது. இதன் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் நொதி மந்தமாகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குச் சொரியாசிஸ், முடக்குவாதம், லூபஸ் உட்பட பல தன்னுடல் தாக்குநோய்கள் வரும் ஆபத்து குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்குக் காசநோய் ஆபத்து அதிகம் என்று 2018இல் தெரியவந்தது.

இதை எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம் என்றால், மருந்துகளின் கதையிலும் இதே காசநோய் திரும்ப வரும்.

நொதியை அடக்கும் மருந்துகள்

முதலில் வந்தது ஒரு பூஞ்சையிலிருந்து. சுவிட்சர்லாந்தின் சேண்டோஸ் நிறுவன ஊழியர் ஒருவர் நார்வேக்கு விடுமுறைக்குப் போனபோது எடுத்துவந்த மண்ணில் அந்தப் பூஞ்சை இருந்தது. அதிலிருந்து கிடைத்த சைக்லோஸ்போரின் 1983இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையின் போக்கையே மாற்றிய மருந்து அது. அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரியவந்ததோ 1991இல்தான். மேலே பார்த்தோமே, பாஸ்ஃபேட்டை உரிக்கும் கால்சிநியூரின்? அதை முடக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. ஜப்பானின் சுக்குபா மலைப்பகுதி மண்ணிலிருந்து வந்த டாக்ரோலிமஸும் அதே நொதியைத்தான் முடக்குகிறது. லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் சிலருக்கு இன்றும் இவ்வகை மருந்துகள் தரப்படுகின்றன.

அடுத்த அலை, ஜேக் தடுப்பு மருந்துகள். ஜேக் குடும்பத்தில் நான்கு கைனேஸ்கள். டிக்2 அதில் ஒன்று. இரண்டு முகம் கொண்ட ரோமானியக் கடவுள் ஜேனஸின் பெயரை வைத்தார்கள். 'இதுவும் இன்னொரு கைனேஸ்தானே' எனும் அர்த்தம் வரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் ஜேக் என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கிண்டலும் உண்டு. முடக்குவாதத்துக்கான டோஃபாசிட்டினிப் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்பது நோயாளிகளுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் ஜேக் நொதிகளுக்கு உடலில் வேறு பல வேலைகளும் இருக்கின்றன. 50 வயதைத் தாண்டிய, இதயநோய் ஆபத்து உள்ள முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், வேறு வகை மருந்து எடுத்தவர்களைவிட டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, புற்றுநோய் போன்ற பிரச்சினைகள் அதிகம் காணப்பட்டன. 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆகக் கடுமையான எச்சரிக்கையைப் பெட்டியில் போடச் சொன்னது. அக்கி வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஜப்பானியர், கொரியரிடம் அது மற்றவர்களைவிட அதிகம்.

நான்கு பேரையும் தொந்தரவு செய்யாமல் டிக்2-ஐ மட்டும் அமைதிப்படுத்த முடியாதா? முடிந்தது. இயற்கையில் மந்தமான டிக்2 உள்ளவர்கள் நலமாக வாழ்கிறார்கள் என்ற தகவலே அந்த முயற்சிக்குத் தெம்பு கொடுத்தது. அப்படி வந்த டியூக்ராவாசிட்டினிப் 2022இல் சொரியாசிஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்த மாத்திரைகளைத் தொடங்குமுன் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள். "எனக்கு இருமலே இல்லையே, எதுக்கு டிபி டெஸ்ட்?" என்று சிலர் கேட்பதுண்டு. காரணம், மேலே பார்த்த அதே டிக்2 கதைதான். மூட்டைக் காப்பாற்ற நாம் அணைக்கும் சுவிட்சும், அந்தக் கிருமியைப் பூட்டி வைத்திருக்கும் சுவிட்சும் ஒரே கம்பியில் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காசநோய் இன்னும் ஒழியவில்லை.

மருந்தைக் கையாளும் நொதி

கடைசியாக ஒன்று. இது நோயை உண்டாக்கும் நொதி அல்ல. மருந்தின் வீரியத்தைக் கட்டுப்படுத்தும் நொதி. லூபஸ் நோயாளிகள் பலர் எடுக்கும் பழைய மருந்து அசதியோபிரின். விலை மலிவு, பலருக்கும் நன்றாக வேலை செய்யும். ஆனால் சிலருக்குச் சாதாரண அளவே விஷமாகிவிடும். வெள்ளை அணுக்கள் சடாரென்று குறையும், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

இதற்குக் காரணம் டிபிஎம்டி எனும் நொதியின் குறைபாடு என்று மேற்கத்திய மருத்துவர்கள் முன்பே கண்டுபிடித்து, அதற்குப் பரிசோதனையும் வைத்திருந்தார்கள். ஆசியாவிலோ அந்தப் பரிசோதனையில் 'எல்லாம் சரி' என்று வந்தவர்களுக்கும் பாதிப்பு ஏற்பட்டது. 2014இல் கொரிய ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். என்யுடிடி15 எனும் வேறொரு நொதி. மருந்து உடலில் உண்டாக்கும் நச்சுப்பொருளைச் செயலிழக்க வைப்பது அதன் வேலை. அதன் குறைபாடு ஐரோப்பியர்களிடம் அரிது, கிழக்காசியர்களிடம் சாதாரணம், தெற்காசியர்களிடமும் உண்டு.

அசதியோபிரின் தொடங்கப்போகிறவர்கள் மருத்துவரிடம், "என்யுடிடி15 டெஸ்ட் எனக்குத் தேவையா, டாக்டர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருந்தைத் தாங்களாகவே நிறுத்தத் தேவையில்லை, நிறுத்தவும் கூடாது. குறித்த தேதியில் ரத்தப் பரிசோதனைக்குப் போவதும், காய்ச்சலோ திடீர் முடிகொட்டலோ வந்தால் உடனே தெரியப்படுத்துவதும்தான் முக்கியம்.

அப்படியானால் மரபணுச் சோதனை செய்து ஆபத்தை முன்பே தெரிந்துகொள்ளலாமே?

எச்சில் மாதிரியை அனுப்பினால் நோய் ஆபத்தைச் சொல்லும் சோதனைகள் இணையத்தில் விற்கின்றன. மருந்து கொடுப்பதற்கு முன் செய்யும் என்யுடிடி15 பரிசோதனையும் இதுவும் ஒன்றல்ல. முன்னதன் முடிவை வைத்து மருத்துவர் மருந்தளவை மாற்றுவார். பின்னதன் முடிவை வைத்து அவர் செய்யக்கூடியது அதிகமில்லை. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால்கூட, மற்றவருக்கும் வருவது சுமார் 15 விழுக்காடுதான். அதோடு, இத்தகைய கணக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போடப்பட்டவை. பிடிபிஎன்22 மாற்றம் 'இல்லை' என்று வந்த முடிவு, ஈசூனிலோ ஈப்போவிலோ இருக்கும் ஒரு சீனருக்குப் புதிதாக எதையும் சொல்லிவிடாது.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் அரைமணி நேரத்துக்குமேல் இறுக்கமாக இருக்கின்றனவா? வீக்கம் சில வாரங்களாகக் குறையாமல் இருக்கிறதா? மரபணு முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்திலோ அருகிலுள்ள கிளினிக்கிலோ காட்டி, ஆன்டி-சிசிபி பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். முடக்குவாதச் சிகிச்சையை ஆரம்பக் கட்டத்திலேயே தொடங்கினால் மூட்டுச் சேதத்தைப் பெருமளவு தடுக்க முடியும்.